உள்தையலும் வெளித்தையலும்: மத்தியகாலத்தைத் தைத்து உடுத்துவது குறித்து

1

ஒரு சட்டை, ஒரு மேலங்கி, தொடைவரை வரும் இரண்டு காலுறைகள், ஒரு முக்காட்டுத் தொப்பி. இவ்வளவையும் கையால் தைத்து முடிக்க எனக்கு ஏழு மாதம் ஆயிற்று. எதற்காகத் தைத்தாய் என்று ஊரில் கேட்டவர்களிடம் பதில் சொல்லக் கூச்சமாகத்தான் இருந்தது. விளையாட்டுக்கு. 1361-ஆம் ஆண்டு பால்டிக் கடலின் கோத்லாந்து தீவில் வெட்டுப்பட்டுச் செத்த ஒரு விவசாயியைப் போல உடுத்திக்கொண்டு, நான்கு நாள் ஒரு புல்வெளியில் கூடாரம் போட்டுத் தங்குவதற்கு.

வேலை நிமித்தம் கோபன்ஹேகனில் இருந்த ஆண்டுகளில், உடன் வேலை பார்த்த டேனிஷ் நண்பர் ஒருவர் என்னை இதற்குள் இழுத்துவிட்டார். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இது பெரிய சங்கதி. பஸ் ஓட்டுகிறவர்கள், பள்ளி ஆசிரியர்கள், ஆஸ்பத்திரித் தாதிகள், நாள்முழுக்கக் கணிப்பொறி முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் கோடை வந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பி, ஏதாவதொரு பழைய கோட்டையடியில் மத்தியகாலத்தை ‘மீள நிகழ்த்துகிறார்கள்’. வாள்சண்டை உண்டு, சந்தை உண்டு. ஆனால் இந்த விளையாட்டின் உயிர் சண்டையில் இல்லை. பொருள் சேர்ப்பதில் இருக்கிறது. எந்த நூற்றாண்டு, எந்த ஊர், எந்த வர்க்கம் என்று முடிவு செய்துகொண்டு, அதற்கேற்ற துணி, செருப்பு, இடுப்புவார், கரண்டி, பானை, கூடாரம் என ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். சிலருக்கு இது ஆயுட்கால வேலை.

பொழுதுபோகாத வெள்ளைக்காரர்களின் வேஷங்கட்டல் என்று இதை ஒதுக்கிவிடுவது சுலபம். நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது நினைக்கவில்லை. கடந்தகாலத்தை உடம்பில் மாட்டிப் பார்க்கும் இந்த ஆசைக்குள் எதிரெதிரான இரண்டு காரியங்கள் நடக்கின்றன. வரலாற்றில் யார் இருந்தார்கள், யார் இருந்திருக்க முடியாது என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் ஒரு பக்கம் செயல்படுகிறது. அந்தத் தீர்ப்பையே சந்தேகிக்க வைக்கிற கைவேலை இன்னொரு பக்கம் நடக்கிறது. இரண்டும் ஒரே துணியில் இருக்கின்றன. ஊசியைப் பிடித்திராவிட்டால் எனக்கு இது தெரிந்திருக்காது.

2

முதலில் இந்த விளையாட்டின் ஜாதகத்தைப் பார்த்துவிடுவோம்.

1838 ஜூனில் விக்டோரியா முடிசூடினார். செலவைக் குறைக்க வேண்டுமென்று மெல்பர்ன் பிரபுவின் விக் அரசாங்கம் பழைய முடிசூட்டுச் சடங்குகள் சிலவற்றை நிறுத்திவிட்டது. முழுக்கவசம் பூண்ட வீரன் விருந்து மண்டபத்துக்குள் குதிரையில் வந்து, இந்த அரசுரிமையை மறுப்பவன் உண்டா என்று சவால் விடுவதும் அதோடு போயிற்று. சில்லறைக்காசு முடிசூட்டு என்று பழமைவாதிகள் முகம் சுளித்தார்கள். ஸ்காட்லாந்தின் எக்லிண்டன் பிரபுவுக்கு அப்போது இருபத்தைந்து வயது. அரசு நடத்தாவிட்டால் போகிறது, நான் நடத்துகிறேன் என்று கிளம்பினார். 1839 ஆகஸ்ட் கடைசியில், அவருடைய கோட்டை மைதானத்தில், மத்தியகாலப் பாணியில் குதிரை ஈட்டிப் போட்டி.

கவசம், கூடாரம், கொடி, உடுப்பு எல்லாவற்றையும் திரட்டித் தரும் காண்டிராக்ட் சாமுவேல் பிராட் என்ற லண்டன் பழம்பொருள் வியாபாரிக்கு. ஆரம்பத்தில் ஆர்வம் காட்டிய கனவான்கள் ஏறக்குறைய நூற்றைம்பது பேர். செலவுக் கணக்கைக் கண்டதும் ஒவ்வொருவராக நழுவிவிட்டார்கள். களமிறங்கியவர்கள் பதினைந்து பேர்கூட இல்லை. பார்க்க வந்த கூட்டம் ஒரு லட்சம் வரை இருக்கும் என்கிறார்கள். புதிதாகப் போட்ட ரயிலிலும் நீராவிக் கப்பலிலும் வந்தார்கள். அன்றைக்குப் பார்த்து மழை கொட்டியது. கவசத்துக்கு மேல் குடை பிடித்த பிரபுக்களைப் பத்திரிகைகள் கிழிகிழியென்று கிழித்தன.

இந்த மழைக்கதையோடு பலர் நிறுத்திக்கொள்வார்கள். நாம் அதே ஆண்டின் வேறு இரண்டு தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1839 ஜூலையில், வாக்குரிமை கேட்டுப் பன்னிரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட சாசன இயக்கத் தொழிலாளர்களின் மனுவைப் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தள்ளுபடி செய்தது. நவம்பரில், வேல்ஸின் நியூபோர்ட்டில் திரண்டு வந்த தொழிலாளர்கள்மீது சிப்பாய்கள் சுட்டார்கள். இருபது பேர் அளவில் செத்தார்கள். மனுவுக்கும் துப்பாக்கிக்கும் நடுவே, ஆகஸ்டில், பிரபுக்கள் கவசம் மாட்டிக்கொண்டு குதிரை ஏறினார்கள். 1832-இன் சீர்திருத்தச் சட்டமும் ஆலைப்புகையும் காலடி நிலத்தைக் கரைத்துக்கொண்டிருந்தபோது, ஒரு வர்க்கம் பரணிலிருந்து முப்பாட்டன் உடுப்பை இறக்கித் தூசி தட்டியது. ஹாப்ஸ்பாமும் ரேஞ்சரும் 1983-இல் தொகுத்த ‘மரபின் கண்டுபிடிப்பு’ நூலுக்குப் பிறகு இப்படியான மரபுகளின் வயதைக் கேட்கக் கற்றுக்கொண்டிருக்கிறோம். இந்தக் கவசத்துக்கு வயது அறுநூறு என்றார்கள். பிராட் விற்ற கவசங்களில் போலிகளும் இருந்தன.

3

இன்றைய வடிவத்தின் தொடக்கம் வேறு மாதிரியானது. 1966 மே முதல் தேதி, கலிஃபோர்னியாவின் பெர்க்லியில், ஒரு வீட்டின் பின்கட்டில், மாணவர்களும் விஞ்ஞானப் புனைகதைப் பிரியர்களும் சேர்ந்து நடத்திய விருந்து அது. அதிலிருந்து வளர்ந்த அமைப்பின் பெயரைப் ‘படைப்பூக்கக் காலப்பிறழ்வுச் சங்கம்’ என்று தமிழ்ப்படுத்தலாம். 1972 முதல் அது பென்சில்வேனியாவில் நடத்தும் வருடாந்தர முகாமுக்குப் பத்தாயிரம் பேருக்கும் மேல் வருகிறார்கள். கவசம் வாங்கப் பணமில்லாத பையன்கள் பழைய கம்பளத்தையும் பிளாஸ்டிக் பீப்பாயையும் வெட்டிக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். எக்லிண்டனின் கனவான்களுக்கும் இவர்களுக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது.

ஆனால் ஓர் அனுமானம் மட்டும் மாறாமல் வந்துவிட்டது. இச்சங்கத்தில் சேருகிற எவரும் சிறுபிரபுவாகக் கருதப்படுவார். அங்கே எல்லோரும் சீமான், சீமாட்டி. உழுகிறவன் இல்லாத ஒரு மத்தியகாலம்! மக்களில் பெரும்பகுதி நிலத்தில் கிடந்து உழைத்த காலத்தை, அந்தப் பெரும்பகுதியை மட்டும் கழித்துவிட்டு நிகழ்த்துகிறார்கள். கேட்டால், ‘யாருங்க விவசாயியா வர விரும்புவாங்க?’ என்கிறார்கள். நியாயமான கேள்விதான். மத்தியகால விவசாயிகளே விவசாயி போல உடுத்த விரும்பவில்லை. 1348-49 கொள்ளைநோயில் பெருவாரி ஜனங்கள் செத்தபின், இங்கிலாந்தில் கூலியாட்களுக்குக் கிராக்கி ஏறியது. 1351-இல் சட்டம் போட்டுக் கூலியைக் கட்டினார்கள். 1363-இல் சட்டம் போட்டு உடுப்பைக் கட்டினார்கள். நாற்பது ஷில்லிங் பெறுமான சொத்துகூட இல்லாத ஏரோட்டி, வண்டிக்காரர், மாடு மேய்ப்பவர், ஆடு மேய்ப்பவர் எல்லாம் முரட்டுக் கம்பளி மட்டுமே உடுத்த வேண்டும், அதுவும் பன்னிரண்டு பென்ஸ் விலையைத் தாண்டக் கூடாது என்றது அந்தச் சட்டம். ஓரிரு ஆண்டுகளில் அதை ரத்து செய்ய வேண்டியதாயிற்று. உடுத்தாதே என்று ஒரு சட்டம் வந்தால், உடுத்தத் தொடங்கிவிட்டார்கள் என்று படிக்க வேண்டும். தோள்சீலைப் போராட்டம் தெரிந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

என் நண்பரின் குழு எடுத்துக்கொண்ட ஆண்டு 1361. அந்த ஜூலையில் டென்மார்க் அரசர் நான்காம் வால்டமார் கோத்லாந்தில் படையோடு இறங்கினார். தீவின் தலைநகரம் விஸ்பி, ஹான்சா வணிகர்களின் பணக்கார ஊர். ஊரைச் சுற்றி மூன்றரைக் கிலோமீட்டர் நீளத்துக்குக் கல்மதில். அந்த மதிலின் சரித்திரத்தைக் கேளுங்கள்: 1288-இல் நகரத்தாருக்கும் நாட்டுப்புறத்தாருக்கும் சண்டையே நடந்திருக்கிறது. மதில் வெளிநாட்டானைத் தடுத்த அளவுக்குச் சொந்தத் தீவின் விவசாயியையும் தடுத்தது. ஜூலை 27 அன்று விவசாயிகள் மதிலுக்கு வெளியே நின்று டேனிஷ் படையோடு மோதினார்கள். கதவு திறக்கவில்லை. ஏறக்குறைய 1800 பேர் செத்ததாகச் சொல்வது வழக்கம். வணிகர்கள் பிறகு அரசரோடு பேசிச் சரணடைந்து தங்கள் உரிமைகளைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

கோடை வெய்யிலில் கிடந்த பிணங்களை அவசரமாகக் குழியில் தள்ளினார்கள். உருவி எடுத்திருக்க வேண்டிய இரும்புக் கவசங்களைக்கூட முழுசாக உருவவில்லை. 1905 தொடங்கி 1930 வரை கட்டங்கட்டமாகத் தோண்டியபோது 1100-க்கும் மேற்பட்டோரின் எலும்புகள் கிடைத்தன. கால் எலும்புகளில் வெட்டுக்காயங்கள் மிகுதி. மூன்றிலொரு பங்கு சிறுவர்கள், வயசாளிகள், ஊனமுற்றவர்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

நண்பர் வால்டமாரின் சிப்பாயாக வருவதாக இருந்தார். என்னையும் அந்தப் பக்கம் கூப்பிட்டார். ‘நான் செத்தவன் கட்சி’ என்றேன்.

4

விவசாயி என்ன உடுத்தினான் என்று எப்படித் தெரியும்? ராஜாக்களின் பட்டு தேவாலயக் கருவூலங்களில் பத்திரமாக இருக்கிறது. ஏழையின் துணி கிழியும்வரை உடுத்தி, ஒட்டுப்போட்டு, அதுவும் நைந்து, கந்தலாகி மண்ணோடு போய்விடும். அப்படியும் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. மிஞ்சிய விதத்தைத்தான் கவனிக்க வேண்டும்.

கிரீன்லாந்தின் தெற்கில் ஹெர்யோல்ஃப்ஸ்னெஸ் என்று ஒரு நார்ஸ் குடியிருப்பு இருந்தது. அதன் மயானத்தைக் கடல் அரித்துக்கொண்டிருந்தது. 1921-இல் போல் நோர்லுண்ட் என்ற டேனிஷ் தொல்லியலாளர் அங்கே தோண்டினார். மரம் அருமையான ஊர். சவப்பெட்டிக்குப் பலகை இல்லாமல் பலரைப் பழைய துணியில் சுற்றிப் புதைத்திருந்தார்கள். உறைந்த மண் அந்தத் துணியைக் காப்பாற்றி வைத்திருந்தது. முப்பது அளவில் மேலங்கிகள், பதினேழு முக்காடுகள், தொப்பிகள், காலுறைகள். குழந்தைகளுடையவையும் உண்டு. ஒட்டுப்போட்டவை உண்டு. இன்று இவை கோபன்ஹேகன் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கண்ணாடிக்கு வெளியே அரைநாள் நின்றிருக்கிறேன். வடக்கு ஐரோப்பாவில் பதினான்காம் நூற்றாண்டு உடுப்பைத் தைக்கும் எவரும் இந்தக் கண்ணாடிக்குத்தான் வந்து சேர்கிறார்கள்.

சுவீடனின் வார்பெரி அருகே 1936-இல் ஒரு சதுப்பில் இன்னொருவர் கிடைத்தார். போக்ஸ்டென் மனிதர் என்கிறார்கள். மேலங்கி, மேற்போர்வை, நீண்ட வால் வைத்த முக்காடு, காலுறை, செருப்பு எல்லாம் முழுசாக இருந்தன. அவரைக் கொன்று, எழுந்து வந்துவிடாதபடி மூன்று கட்டைகளை அடித்துச் சதுப்போடு இறுக்கியிருந்தார்கள். உள்சட்டை மட்டும் இல்லை. சதுப்பின் அமிலம் கம்பளியை விட்டுவைக்கும், ஆளிநாரில் நெய்த லினனைத் தின்றுவிடும். எனவே பதினான்காம் நூற்றாண்டுச் சாமான்யன் உடம்போடு ஒட்டி உடுத்திய துணியைப் பற்றிச் சித்திரங்களையும் ஊகத்தையும் நம்பித்தான் பேச வேண்டியிருக்கிறது.

ஆவணக் காப்பகத்தை ஆட்சியாளர்கள் மட்டும் தணிக்கை செய்வதில்லை, மண்ணின் ரசாயனமும் செய்கிறது. ஆனாலும் இவர்களின் துணி நம் கைக்கு வந்த காரணங்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். சவப்பெட்டிக்குப் பலகை இல்லை. ஒரு கொலையை மறைக்க வேண்டியிருந்தது. வெய்யிலில் பிணங்கள் நாறின. அரசனின் உடுப்பு மதிப்பால் மிஞ்சியது. இவர்களுடையது மதிப்பின்மையால் மிஞ்சியது.

5

என் அப்பா தையல்காரர். முப்பத்தெட்டு வருஷம் மெஷின் மிதித்தவர். மேலங்கியின் வெட்டுப்படத்தை அவருக்கு அனுப்பிவிட்டு ஃபோனில் கேட்டேன்.

‘ஏம்ப்பா, அங்க மெஷின் கெடைக்கலையா?’

‘கையாலதான் தைக்கணுமாம்ப்பா.’

கொஞ்சநேரம் பேச்சில்லை. படத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

‘இது கடைக்காரன் வெட்டு இல்ல. துணியோட அருமை தெரிஞ்சவங்க வெட்டினது. பாரு, சதுரமா வெட்டி, பக்கத்துல முக்கோணமா சொருகி அகலப்படுத்தியிருக்காங்க. குப்பைக்கு ஒரு விரக்கடை போகாது. நெஞ்சவளே வெட்டியிருப்பா.’

அருங்காட்சியகப் பட்டியல்கள் சொல்லாததை ஒரு வெட்டுப்படத்திலிருந்து அவர் படித்துவிட்டார். துணியின் அருமை என்றாரே, அதை எண்ணால் பார்ப்போம். சென்டிமீட்டருக்குப் பத்து இழை பாவு, பத்து இழை ஊடை என்று வைத்துக்கொள்வோம். சாதாரணக் கம்பளித் துணிதான். ஒரு சதுர மீட்டருக்குப் பாவு ஆயிரம் மீட்டர், ஊடை ஆயிரம் மீட்டர். ஒரு மேலங்கிக்கு நான்கு சதுர மீட்டர் என்றால் எட்டாயிரம் மீட்டர் நூல். கைத்தக்களியில் பழகிய கை மணிக்கு நாற்பது, ஐம்பது மீட்டர் நூற்கும் என்று பரிசோதனைத் தொல்லியல்காரர்கள் நூற்றுப் பார்த்துச் சொல்கிறார்கள். ஐம்பது என்றே வைத்தாலும் 160 மணிநேரம். தினம் எட்டு மணிநேரம் நூற்றால் இருபது நாள். இது நூற்பு மட்டும். ரோமம் கத்தரித்து, கழுவி, சிக்கெடுத்து, வாரி, பாவு ஓட்டி, நெய்து, துவைத்து மிதித்துக் கெட்டியாக்கி, பிறகுதான் வெட்டும் தையலும். ஓர் ஆளுக்கு ஒரு மேலங்கிக்கே இந்தக் கணக்கு. வீட்டில் ஏழெட்டுப் பேர்.

இத்தனை மணிநேரமும் யாருடையவை? பெரும்பாலும் பெண்களுடையவை. ஆடு மேய்க்கும்போதும், நடக்கும்போதும், பிள்ளையைத் தூங்கவைக்கும்போதும் நூற்றார்கள். மணமாகாத பெண்ணைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கிய ‘ஸ்பின்ஸ்டர்’ என்ற சொல்லுக்கு முதல் பொருள் நூற்பவள். 1361-இன் கதையில் வால்டமார் இருக்கிறார், வணிகர்கள் இருக்கிறார்கள், செத்த விவசாயிகளுக்குக்கூட ஒரு கல்சிலுவை இருக்கிறது. அந்த 1800 பேர் உடம்பில் இருந்த துணியை நூற்றவர்கள் எந்தப் பக்கத்திலும் இல்லை.

வரலாற்றாசிரியரின் வேலையே கடந்தகால எண்ணங்களைத் தன் மனத்தில் மீள நிகழ்த்துவதுதான் என்றார் காலிங்வுட். அவர் இறந்தபின் 1946-இல் வந்த ‘வரலாறு பற்றிய கருத்து’ நூலின் மையக் கருத்து அது. மன்னன் ஒருவன் ஏன் இந்த ஆணையைப் போட்டான் என்று யோசிக்க இது உதவும். ஆனால் நூற்பவளின் கட்டைவிரல் காய்ப்பை எந்த மனத்தில் நிகழ்த்துவது? எண்ணத்தை எழுதிவைக்க வாய்த்தவர்களின் வரலாற்றுக்குத்தான் அந்தக் கோட்பாடு வாகாக இருக்கிறது. தக்களியைச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு மாலையில், தோள்பட்டை இறுகி, நூல் பதினேழாவது தடவை அறுந்தபோது, எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது: இந்த விளையாட்டில் உருப்படியான ஒன்று உண்டென்றால் அது வாள்சண்டையில் இல்லை, இந்த அலுப்பில் இருக்கிறது. என் வேகம் மணிக்குப் பன்னிரண்டு மீட்டர். அந்தத் துணி முழுவதையும் நானே நூற்றிருந்தால் இந்தக் கட்டுரை இன்னும் சில வருஷம் கழித்துத்தான் வந்திருக்கும். கடைத்துணிதான் வாங்கினேன்.

6

முகாமுக்கு முன்னால் ஒரு பரிசோதனை உண்டு. நான் போனது டென்மார்க்கில் ஒரு சிறிய முகாம், பெயர் வேண்டாம். கொண்டுவந்த சாமான்களைப் புல்லில் பரப்பிவைக்க வேண்டும். ‘உண்மைத்தன்மை’ பார்க்கிறவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பார். விதிகள் தெளிவானவை. வெளியே தெரியும் தையல் கைத்தையலாக இருக்க வேண்டும். உள்ளே மறைந்திருக்கும் நீளத்தையல் மெஷின் தையலாக இருந்தால் பரவாயில்லை. பித்தான் ஈயமோ துணியோ ஆகலாம், பிளாஸ்டிக் ஆகாது. கூடாரத்துக்குள் ஐஸ் பெட்டி, ஸ்லீப்பிங் பேக் வைத்துக்கொள்ளலாம், ஜனங்கள் பார்க்க வரும் நேரத்தில் கம்பளி போட்டு மூடிவிட வேண்டும். மூக்குக்கண்ணாடி கூடாது, கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொள்ளலாம்.

என்னுடையது முழுவதும் கைத்தையல். உள்தையலையும் சேர்த்து. அவர் புரட்டிப் பார்த்துப் பாராட்டினார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். தயங்கித் தயங்கி, மரியாதையாகவே சொன்னார்: ‘நீங்கள் ஒரு சரசேனிய வணிகராக வரலாமே? தலைப்பாகை, பட்டு அங்கி, நல்லா இருக்கும். கோத்லாந்து விவசாயி என்றால் பார்க்கிறவர்களுக்குக் குழப்பமா இருக்கும்.’

அவர் கெட்டவரில்லை. அவருடைய தர்க்கத்துக்குள் அவர் சொன்னது சரி. உண்மைத்தன்மை என்று இவர்கள் அழைப்பது உண்மையில் எதை எதை மறைக்க வேண்டும் என்பதற்கான ஓர் ஒழுங்கு. மெஷின் தையலை மறைக்கலாம். ஐஸ் பெட்டியை மறைக்கலாம். கண்பார்வைக் குறையைக்கூட மறைக்கலாம். தோலை எதைப் போட்டு மூடுவது? பூச்சி கடிக்காத பற்கள், அம்மைத்தழும்பில்லாத முகம், ஆறடி உயரம் என்று அந்த மைதானத்தில் நின்ற எந்த உடம்பும் பதினான்காம் நூற்றாண்டு உடம்பு இல்லை. ஆனால் காலப்பிறழ்வாகக் கண்ணில் பட்டது என்னுடையது மட்டும்.

இது சின்ன விஷயம், மனவருத்தத்தோடு முடிந்துபோகும். எப்போதும் சின்னதாகவே இருப்பதில்லை. 2018 ஜனவரியில், நான் முன்பு சொன்ன காலப்பிறழ்வுச் சங்கத்தின் தென்கலிஃபோர்னியப் பிரிவில், ‘அரசர்’, ‘அரசி’ பட்டம் பெற்ற இருவர் உடுத்திய அங்கிகளின் கரையில் ஸ்வஸ்திகா வரிசை இருந்தது. பழைய வடநாட்டு நெசவில் இருந்த கோலம்தானே, ஆதாரம் இருக்கிறதே என்று வாதிட்டவர்கள் உண்டு. எதிர்ப்புக் கிளம்பி இருவரும் பட்டத்தைத் துறக்க வேண்டியதாயிற்று. பழைய நெசவில் அந்தக் குறி இருந்தது உண்மை. ஆனால் ஒரு குறியின் கதை அது முதலில் நெய்யப்பட்ட நாளோடு முடிந்துவிடாது. 1933-க்கும் 1945-க்கும் இடையில் அது எந்தச் சட்டைக்கைகளில் இருந்தது என்பதும் அந்த நூலின் வரலாறுதான். வெளித்தையல் சுத்தமாக இருக்கிறது என்று காட்டி உள்தையலை மறைக்கும் அதே வேலை இங்கேயும்.

‘நான் விவசாயியாகவே வர்றேன். குழப்பமாகிறவங்க என்கிட்டயே கேட்கட்டும்’ என்றேன். நண்பர் எனக்காக வாதாடினார். விட்டார்கள்.

7

கோத்லாந்து விவசாயிகள் பலர் இரும்பு வளையங்களைக் கோத்த தலைமூடியோடு புதைந்திருந்தார்கள். எனவே எனக்கும் ஒன்று வேண்டியிருந்தது. அதைச் செய்ய எனக்குத் தெரியாது. மத்தியகாலச் சாமான் விற்கும் கடையில் வாங்கினேன். ஆயிரக்கணக்கான சிறு வளையங்கள், ஒவ்வொன்றின் வாயையும் ஆணி வைத்துத் தட்டி மூடியிருந்தது. கழுத்துப் பக்கம் உள்ளே ஒரு துணி லேபிள்: ‘மேட் இன் இந்தியா’.

ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. உலகத்தின் மத்தியகால விளையாட்டுக்காரர்கள் போட்டுக்கொள்ளும் கவசங்களிலும் வாள்களிலும் பெரும்பங்கு வட இந்தியப் பட்டறைகளிலிருந்து போகிறது. டேராடூனில் 1943-இல் கூர்க்காப் படைக்குக் குக்ரி செய்ய ஆரம்பித்த ஒரு நிறுவனம் இன்று ஐரோப்பிய வாள்களை ஏற்றுமதி செய்கிறது. வளையத்துக்கு ஆணி அடிக்கும் வேலையில் மெஷினுக்கு ஈடாகக் கூலிக்கை கிடைக்கிறது, அதனால் கையாலேயே அடிக்கிறார்கள். கைவேலை என்பதால் அங்கே அதற்கு ‘உண்மைத்தன்மை’. அந்தக் கைக்கு என்ன கூலி என்று பரிசோதனைக்காரர் கேட்பதில்லை. லேபிளை வெட்டிவிடச் சொன்னார்.

அவர்களுடைய மத்தியகாலத்துக்குள் நம் பக்கத்துப் பொருள் இருந்ததா என்றால், இருந்தது. ஐரோப்பியச் சாயக்காரர்கள் சிவப்புக்காக வாங்கிய மரங்களில் ஒன்று கொல்லத்திலிருந்து போனது. மார்க்கோ போலோ அதைக் குறித்திருக்கிறார், பதினான்காம் நூற்றாண்டு இத்தாலிய வணிகக் கையேட்டிலும் அது கொல்லத்தின் பெயராலேயே பதிவாகியிருக்கிறது. கேரளத்தில் குடிநீரில் போட்டுக் காய்ச்சுகிறார்களே பதிமுகம், அந்த மரம். மிளகும் போயிற்று. ஆனால் இவை பணக்காரர்களின் நிறமும் ருசியும். என் விவசாயிக்குச் சாயம் போடாத ஆட்டுநிறம் போதும். முகாமில் சமையல் என் பொறுப்பு. பட்டாணி, பார்லி, முட்டைக்கோஸ், உப்புமீன். தக்காளி கிடையாது, உருளைக்கிழங்கு கிடையாது, மிளகாய் கிடையாது. எல்லாம் 1492-க்குப் பிறகு வந்தவை. மிளகாயில்லாமல் என்னடா சமையல் என்று முணுமுணுத்தபோதுதான் உறைத்தது, 1361-இல் நம் ஊர்க் குழம்பிலும் மிளகாய் கிடையாது. ஆதியிலிருந்து இருப்பதாக நாம் சத்தியம் செய்கிற பல விஷயங்களின் கதி இதுதான்.

முகாமில் அழகான கூடாரங்கள் இருந்தன. ஓவியங்களில் காணும் வண்ணக் கூடாரங்கள் பிரபுக்களுடையவை. இங்கே பஸ் டிரைவரும் அதில்தான் தங்குகிறார், நல்ல விஷயம்தான். கித்தான் பெரும்பாலும் பருத்தி, அதாவது ஆலையின் பிள்ளை. அதை யாரும் குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. எடுத்துக்கொண்டால் மழையில் நனைய வேண்டும்.

பகலில் தக்களியோடு அடுப்பருகே உட்கார்ந்துவிடுவேன். வருகிற குழந்தைகள் நின்று பார்க்கும். ஒரு மேலங்கிக்கு எட்டுக் கிலோமீட்டர் நூல், இருபது நாள் என்று சொன்னால் தங்கள் டீ-ஷர்ட்டைப் பிடித்துப் பார்க்கும். ‘அப்போ இதை யார் செய்தது?’ என்று ஒரு சிறுமி கேட்டாள். லேபிளைப் பார் என்றேன். ‘பங்களாதேஷ்’ என்று எழுத்துக்கூட்டிப் படித்தாள். நான்கு நாளில் என் தோலைப் பற்றிக் கேட்டவர்கள் மூன்று பேர். இரண்டாம் நாள் பரிசோதனைக்காரர் வந்து சொன்னார்: பதினான்காம் நூற்றாண்டில் ஆண்கள் நூற்கமாட்டார்கள், அது உண்மைத்தன்மைக்குப் பொருந்தாது. இதற்கு மட்டும் நான் பதில் சொல்லவில்லை. அவர் சொன்னது முழுக்கச் சரி.

8

முகாம் முடிந்து விஸ்பிக்குப் போனேன். அங்கே 1984 முதல் ஒவ்வோர் ஆகஸ்டிலும் மத்தியகால வாரம் கொண்டாடுகிறார்கள். நான் போனது அதற்குப் பிறகு, தெருக்கள் காலியாக இருந்தன. மதிலுக்கு வெளியே, விவசாயிகள் புதைந்த இடத்தில், கல்சிலுவை நிற்கிறது. அருங்காட்சியகத்தில் ஒரு மண்டையோடு. வளையத் தலைமூடி துருப்பிடித்து எலும்போடு எலும்பாக ஒட்டியிருக்கிறது. அதைப் போட்டுவிட்டவர் யார், கோத்தவர் யார், அதற்கடியில் இருந்திருக்க வேண்டிய துணிக்குல்லாயைத் தைத்தவள் யார் என்று எதுவும் இல்லை. எலும்புக்குத் தோலும் இல்லை.

உடுப்பை ஊருக்குக் கொண்டுவந்தேன். வளையத் தலைமூடியும் வந்திருக்கிறது, லேபிளோடு. அதை நான் வெட்டவில்லை. அப்பாவிடம் மேலங்கியைக் கொடுத்தபோது அவர் வெளிப்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. எந்தத் துணியைக் கையில் எடுத்தாலும் முதலில் புரட்டி உள்பக்கத்தைப் பார்ப்பது அவர் பழக்கம். தோள்மூட்டில் விரலை ஓட்டிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார்.

‘இங்க இழுத்துப் பிடிச்சிருக்க. நெல்லு மூட்டை தூக்குறவன் போட்டா ஒரு மாசத்துல விட்டுரும். பிரிச்சுத் தை.’

பிரித்துக்கொண்டிருக்கிறேன்.